பயணப் படங்களைத் தொழிலாக்குவது: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் கணவன் மனைவி. அவர் துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நான் அச்சகத்தில் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்தவள். லீவு கிடைத்தபோதெல்லாம் ரயிலேறிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது அந்தப் படங்களை அஞ்சலட்டையாக, காலண்டராக, சுவரில் மாட்டும் பிரிண்டாக விற்கிறோம். கடை போடும் இடங்களில் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறோம். எழுதுவது நான். எதிர்த்துப் பேசித் திருத்தியது அவர்.

படம் விற்று வீட்டு வாடகை கொடுக்க முடியுமா?

முதல் இரண்டு வருடம் முடியவில்லை. அதுவரை அவர் வேலையை விடவில்லை, நானும் விடவில்லை. இப்போது முடிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அட்டையும் காலண்டரும் மட்டும் விற்று அந்த நிலைக்கு வரவில்லை. எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்கள் விடுதிக்கும் இப்படி எடுத்துத் தாருங்கள்", "எங்கள் கடைப் புடவைகளை எடுங்கள்" என்று கூப்பிடுகிறார்களே, அந்த ஆர்டர் வேலையில்தான் வருமானத்தில் பாதிக்கு மேல் வருகிறது. கடையில் தொங்கும் பிரிண்ட் எங்களுக்கு விளம்பரமும்கூட. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

எந்த மாதிரிப் படம் விற்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு அதிக நாள் ஆனது.

முதல் கடைக்கு நாங்கள் கொண்டுபோனது ஸ்பிதி பனிமலை, ஹம்பி சூரிய அஸ்தமனம், தனுஷ்கோடி மணல். எல்லாம் நன்றாக எடுத்த படங்கள்தான். வந்தவர்கள் பார்த்தார்கள், "சூப்பரா இருக்கு" என்றார்கள், போய்விட்டார்கள். ஓரத்தில் இடம் நிரப்ப ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை எடுத்த ஒரு படத்தை மாட்டியிருந்தோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய நிலையம் அது. வாலாஜா ரோடு வரை போன ரயில். ஒரு பெரியவர் வந்து அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "எங்கப்பா இங்கதாம்மா வேலை பாத்தாரு" என்றார். மூன்று பிரதி வாங்கினார். ஒன்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து நாங்கள் பேசியது இதைத்தான். பனிமலையை யார் வேண்டுமானாலும் ரசிப்பார்கள். ஆனால் கையிலிருந்து காசு எடுத்துக் கொடுப்பவர் தன்னுடைய ஊரை வாங்குகிறார். அப்புறம் ஹம்பி படங்களை என்ன செய்வது? ஹம்பிக்கே அனுப்பினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனேகுந்தியில் நாங்கள் தங்கியிருந்த சின்ன விடுதி, அறைகளில் மாட்ட ஆறு படம் வாங்கியது. அதன் பிறகு எந்தப் பயணம் போனாலும், எடுத்த படம் திரும்பிப் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று அங்கேயே யோசிக்கிறோம்.

எங்கள் பகுதியில் எடுத்ததில் நன்றாகப் போவது மீன் ஏலம் நடக்கும் காசிமேடு, ராயபுரம் நிலையம், திருவொற்றியூர்த் தேரடி, எம்.சி. ரோட்டில் தீபாவளி நெரிசல், பழவேற்காட்டுப் பூநாரைகள். இது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் வீலே அண்ட் க்ளைன் என்ற ஸ்டுடியோ மதராஸ் தெருக்களைப் படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்றிருக்கிறது. அந்தப் பழைய அட்டைகளை எங்காவது பார்த்தால் விடாதீர்கள். எதை ஃபிரேமுக்குள் வைத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

என்ன கேமரா?

பழைய 24 மெகாபிக்சல் கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சடிக்க 4961க்கு 3508 பிக்சல் வேண்டும். அதாவது பதினேழரை மெகாபிக்சல் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக அச்சடிக்கும் ஆர்டர் வந்தால் மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம். மெமரி கார்டை மட்டும் விலை குறைவாகக் கிடைக்கிறதென்று தெரியாத கடையில் வாங்காதீர்கள். போலி கார்டில் அளவு தவறாகக் காட்டும். பாதிப் பயணத்தில் படம் போய்விடும்.

கடல் காற்றில் கேமராவை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

நம் பகுதியில் உப்பும் ஈரமும் வருடம் முழுவதும் உண்டு. லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து வந்தால் முதல் வேலை, லேசாக நனைத்த துணியால் கேமரா உடலைத் துடைப்பதுதான்.

படக் கோப்புகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று அசல், மற்றது நகல். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்ததால் இரண்டும் போயின. மூன்று வருடத்துப் படங்கள். அச்சகத்துக்கு அனுப்பியிருந்த கோப்புகள் மட்டும்தான் மிஞ்சின. இப்போது மூன்று பிரதி வைக்கிறோம்: ஒன்று வீட்டில், ஒன்று இணையத்தில், ஒன்று பெரம்பூரில் மாடி வீட்டில் இருக்கும் என் அக்காவிடம். மாதம் ஒரு முறை அக்கா வீட்டுக்குப் போகும்போது டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வருகிறோம். தயவுசெய்து இதை இன்றைக்கே செய்யுங்கள்.

அச்சடிக்கும்போது ஸ்கிரீனில் பார்த்த கலர் ஏன் வருவதில்லை?

பதினோரு வருடம் அச்சகத்தில் இருந்தவள் என்பதால் இதை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஸ்கிரீன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. தாள், மையால் காட்டுகிறது. ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து மொத்தமாக அச்சடிக்கும் முறையில், நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலே மைதான். சில நிறங்கள் அந்த நாலுக்குள் அடங்கவே அடங்காது. ராணி பிங்க் புடவை ஒரு நல்ல உதாரணம். ஸ்கிரீனில் கண்ணைப் பறிக்கும், தாளில் சாதாரண ரோஸாக உட்கார்ந்துவிடும். வெயிலடிக்கும் கடலின் நீலப்பச்சையும் அப்படித்தான். எனவே அட்டைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போதே நாலு மைக்குள் வரக்கூடிய படமா என்று பார்க்கிறேன். காசிமேட்டு விடியற்காலை படங்கள் அச்சில் அவ்வளவு நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான். சாம்பல், பழுப்பு, துருப்பிடித்த ஆரஞ்சு, எல்லாமே மைக்குள் அடங்கும் நிறங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். மானிட்டரை முழு பிரைட்னஸில் வைத்து எடிட் செய்தால் அச்சில் படம் இருட்டாக வரும். பிரைட்னஸைக் குறைத்து, ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கிரீனின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிய வேண்டும். செலவில்லாத வழி, பெருமளவு சரியாக இருக்கும்.

மூன்றாவது, தாள். அஞ்சலட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) போர்டு. எங்கள் முதல் அட்டைகளை இரண்டு பக்கமும் பளபளப்பான ஆர்ட் போர்டில் அடித்தோம். வாங்கியவர்கள் பின்பக்கம் எழுதினால் மை காயவில்லை, கையில் ஒட்டியது. எழுத முடியாத அஞ்சலட்டையை எதற்கு வாங்குவது? இப்போது ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு உள்ள போர்டு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஏறி இறங்கினால் எல்லா ரகமும் தொட்டுப் பார்க்கலாம். சாம்பிள் கேட்டு வாங்கி, வீட்டில் பேனாவால் எழுதிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

நாங்கள் விற்கும் அஞ்சலட்டை செட்டில் ஏன் பத்து இல்லாமல் ஒன்பது அட்டை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தகடு இல்லாமல் கணினியிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டல் அச்சில் 13க்கு 19 அங்குல ஷீட் ஓட்டுவார்கள். 4க்கு 6 அங்குல அட்டை, வெட்டுக்கு இடம் விட்டு, அதில் ஒன்பது உட்காரும். பத்தாவது அட்டைக்கு இன்னொரு ஷீட் ஓட்ட வேண்டும்.

ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் நாங்கள் முதல் தடவை ஆயிரம் அடித்து, அறுநூறு இன்னும் பரணில் இருக்கிறது. நூறு நூறாக டிஜிட்டலில் அடித்துப் பாருங்கள். எது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஆஃப்செட்டுக்குப் போகலாம்.

காலண்டர் வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

ஆடியில். சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிடுகிறார்கள். மொத்தமாக வாங்கும் கடைக்காரர்கள் அப்போதிருந்தே முடிவு செய்ய ஆரம்பிப்பார்கள். நவம்பரில் படம் தேடிக்கொண்டிருந்தால் நீங்கள் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் விற்க முடியும். நமக்கு விற்பனை சூடு பிடிக்கும் இன்னொரு சமயம் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய சென்னை தின வாரம். ஊர்ப் படங்களுக்கு அப்போது தனி மரியாதை.

என்ன விலை வைக்கிறீர்கள்?

ஒன்பது அட்டை செட் 180 ரூபாய், ஃபிரேம் இல்லாத ஏ3 பிரிண்ட் 1,200. அச்சு, உறை, கடை வாடகை, பாழாகும் பிரதி எல்லாம் கூட்டி, நம் கூலியையும் சேர்த்து வைத்த விலை. கூலியைச் சேர்க்காமல் விலை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாங்களும் ஒரு வருடம் செய்தோம். ஃபிரேமுக்கு, சாமி படம் ஃபிரேம் போடும் கடைகளே போதும். வண்ணாரப்பேட்டையில் அவர்கள் கைவேலை அவ்வளவு சுத்தம்.

பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் வேண்டுமா?

உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் இலவசம். பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். ஆதாரும் பான் அட்டையும் போதும். நாங்கள் என் பெயரில் தனிநபர் தொழிலாகப் பதிந்து, தனி வங்கிக் கணக்கு தொடங்கினோம். கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா சிறுகடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம்.

ஜிஎஸ்டி, தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால். சேவையும் உண்டென்றால் 20 லட்சம் தாண்டினால். ஆர்டருக்குப் படம் எடுப்பது சேவை, எனவே எங்களுக்கு 20 லட்சம்தான் வரம்பு. ஒரு விஷயத்தில் கவனம்: வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெங்களூரிலிருந்து ஒருவர் ஐம்பது காலண்டர் கேட்டபோதுதான் எங்கள் ஆடிட்டர் இதைச் சொன்னார். முதல் மாதமே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

படங்களை விற்றுத் தரும் இணையதளங்களான ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக்கில் போட்டால் காசு வருமா?

வரும், மெதுவாக. அடோபி ஸ்டாக் படம் விற்ற தொகையில் 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் 15-லிருந்து 40 சதவீதம் வரை படிநிலை உண்டு. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் திரும்பவும் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க வரிக்கான படிவத்தையும் நிரப்ப வேண்டும். அழகான காட்சிகளைவிட, இட்லிப் பானை, ரேஷன் கடை வரிசை, மழையில் ஷேர் ஆட்டோ போன்ற அன்றாடப் படங்கள் எங்களுக்கு நன்றாகப் போகின்றன. முகம் தெரியும் ஆள் இருந்தால், விளம்பரப் பயன்பாட்டுக்கு அவருடைய கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் கட்டாயம்.

முகம் தெரியும் படத்தை விற்கலாமா?

நாங்கள் அதிகம் யோசித்த விஷயம் இது.

காசிமேட்டில் ஏலம் நடக்கும் விடியற்காலை, தோளில் கேமரா மாட்டிய இருபது பேரையாவது பார்க்கலாம். ஒரு நாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னிடம், "எல்லாரும் படம் புட்ச்சிக்கினு போறீங்க. திரும்பி வந்து ஒண்ணு குடுத்தவங்க யாரும்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவருடைய படத்தை லேமினேஷன் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிப் பக்கத்துக் கூடைக்காரர்களிடம் காட்டினார். அன்றிலிருந்து அங்கே யாரும் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்புவதில்லை.

எங்கள் வழக்கம் இது. முதலில் படம் எடுக்கப்பட்டவருக்கு ஒரு பிரதி, இலவசமாக. விற்க நினைத்தால், தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிய ஒப்புதலை வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ, கைநாட்டோ. அந்தப் படம் காலண்டரில் வந்தால் ஒரு தொகை. குழந்தைகள் படத்தை விற்பதில்லை, பெற்றோர் சம்மதித்தாலும்கூட. ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தைப் படிக்கும் முன்பே அந்தக் கூடைக்கார அம்மா எங்களுக்கு இதைச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று வேலை நடக்கும், பேசவும் நேரம் இருக்கும். நல்ல முகப் படங்கள் எங்களுக்கு அப்போதுதான் கிடைத்தன.

விற்கக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்த படங்களும் உண்டு. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களையும் படகு முழுக்க எண்ணெய் அப்பியிருந்த மீனவர்களையும் அவர் எடுத்தார். ஒரு கண்காட்சிக்குப் பெரிதாக அச்சடிக்கக் கேட்டார்கள். அங்கே வாழ்பவர்களின் பாதிப்பைப் பதிவு செய்யக் கேட்டவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தோம். வரவேற்பறையில் மாட்ட ஒரு பிரதியும் விற்கவில்லை. விற்கப்போவதும் இல்லை.

படத்தின் உரிமை யாருக்கு?

நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது; உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் காப்புரிமை உண்டு. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் அவர்தான். ஒரு விடுதிக்கு எடுத்த படங்களை நாங்கள் அட்டையாகப் போட முடியாமல் போனது இப்படித்தான். இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்க ஒப்பந்தம்.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது?

துறைமுகம், அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, கடற்படை இடங்கள். வடசென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் இவை இருப்பதால் ட்ரோனை நாங்கள் தொடுவதே இல்லை. ரயில் நிலையத்துக்குள் வியாபார நோக்கில் எடுக்க அனுமதி தேவை. எங்கள் ராயபுரம் படம் தெருவிலிருந்து எடுத்தது. கோயிலுக்குள் செல்போனே கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருவொற்றியூரில் நாங்கள் எடுத்ததெல்லாம் தேரும் தெருவும்தான். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

கணவன் மனைவி சேர்ந்து செய்தால் சண்டை வராதா?

வரும். படத் தேர்வில்தான் அதிகம். மலையேறிக் குளிரில் நின்று எடுத்தவருக்கு அந்தக் குளிரும் சேர்ந்து படத்தில் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் ஒரு விதி: எடுத்தவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர் படங்களை நான், என் படங்களை அவர். பணக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். சாப்பிடும்போது தொழில் பேச்சு இல்லை.

வெளியூரில் எடுத்த படத்தை அவர்களுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது?

ஆனேகுந்தியில் ஒரு பரிசல்காரரைப் படம் எடுத்தோம். டீக்கடை விலாசம் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடியும் வந்தது. கடைசியில் மூன்றாவது வருடம் போனபோது கையில் கொடுத்தோம். அதற்குள் அந்தப் பரிசலை அவர் விற்றிருந்தார். படத்தில்தான் அது இருக்கிறது என்றார்.

இப்போது பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். விலாசத்தை அவர்களையே அவர்கள் எழுத்தில், பின்கோடோடு எழுதச் சொல்கிறோம். எழுதத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது எழுதித் தரும். அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து, அச்சடித்து, உறையில் ஒட்டிவிடுவோம். நோட்டில் இன்னும் பதினோரு பெயர் பாக்கி. அதில் ஏழு பேர் பழவேற்காட்டில். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம்.